ஒதுங்கிப் போகும் பெட்டி

நான் இன்ஜினியர் இல்லை. டிரைவர். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். ஊர் கொட்டாரம்.

வயர்லெஸ் கண்காணிக்கிற மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டினேன். போன மாதம் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். ஆறு கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் ஒரு பகுதியை இனி லைசென்ஸ் இல்லாமல் வைஃபைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்துவிட்டதாம். வீட்டுக்குள்ளே வைக்கிற பெட்டிக்கும், வெளியே மிகக் குறைந்த சக்தியில் ஓடுவதற்கும். அதை வைத்து ஆபீஸ் மலர் ஒன்று போடுகிறார்களாம்.

“அண்ணே, அந்தக் கோபுரத்துக் கதைய எழுதித் தாரும்.”

“எனக்கு எழுத வராது.”

“பேசவும்தான் வராது. எழுதும்.”

எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்ல வேண்டும். தெரியாதவர்கள் நாங்கள் போலீஸ் என்று நினைப்பார்கள். வானத்தில் ரோடு போட்டு வைத்திருக்கிறார்கள். விமானத்துக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று. யாராவது வழி தவறி இன்னொருவர் ரோட்டில் ஏறினால் புகார் வரும். எங்கிருந்து ஏறுகிறார்கள் என்று தேடிப் போவது எங்கள் வேலை. வண்டிக்கு மேலே நீட்டுகிற கம்பம் இருக்கும். கம்பத்தின் உச்சியில் ஆன்டெனா. நான் வண்டியை நிறுத்துவேன், கம்பத்தை ஏற்றுவேன், சொன்ன திசைக்குத் திருப்புவேன். உள்ளே அதிகாரி திரையைப் பார்ப்பார். எந்தத் திசையில் சத்தம் கூடுதலோ அந்த டிகிரியைக் குறித்துக்கொள்வார். இடம் மாறி மறுபடியும் எடுப்போம். கோடுகள் வெட்டுகிற இடத்தில் ஆள் இருப்பான்.

நான் சேரும்போது கம்பம் ஏறுகிற தற்காலிக ஆள். இரண்டு வருஷம் கயிறும் இடுப்புப் பட்டையும்தான். ஒரு தடவை விழுந்தேன். மணலில் விழுந்ததால் பிழைத்தேன். பிறகு லைசென்ஸ் எடுத்தேன், டிரைவர் ஆனேன். பயிற்சி அவ்வளவுதான்.

மயிலாடிக் காரியம் ஒன்று ஆரம்ப நாளில் நடந்தது. கல் கொத்துகிற பட்டறை. விமானத்துக்காரர்கள் பேசுகிற இடத்தில் யாரோ ஒருவர் கல்லுக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார். தேடிப் போனால், சிற்பி ஒருத்தர் துபாயிலிருந்து மகன் அனுப்பின கம்பியில்லா போனைக் காதில் வைத்துக்கொண்டு நந்திக்குக் கால் செதுக்குகிறார். ஒரு மைல் தூரம் எடுக்கிற போன். உடம்பெல்லாம் கல்தூள். அன்றைக்கு இருந்த பெரிய சார் போனை வாங்கினார், பையில் போட்டார், கையெழுத்து வாங்கினார். வேறு பேச்சு இல்லை.

சிற்பி கேட்டார்: “சாரே, கடையில பில் போட்டுத்தான் வித்திருக்கான். எனக்க மவன் சம்பாதிச்சு வாங்கினது. தப்பு எங்க இருக்கு? போன்லயா, எனக்கிட்டயா?”

சார் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வண்டியை எடுத்தேன். அந்தக் கேள்வி மட்டும் ரொம்ப வருஷம் வண்டியிலேயே கிடந்தது.

பிறகுதான் சரோஜம் மேடம் வந்தார். கல்குளம் தாலுகாக்காரி. குள்ளம். கண்ணாடி, பருத்திச் சேலை, காதுக்குப் பின்னால் ஒரு பென்சில். பார்த்தால் ஸ்கூல் டீச்சர். பேனாவால் கோடு போட மாட்டார். “திசை அழிச்சு எழுதக்கூடிய காரியமாக்கும்” என்பார்.

அவருக்கு ஒரு முறை உண்டு. வண்டி நின்றதும் முன் பக்கத்து மூடி மேல் வரைபடத்தை விரிப்பார். காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலைக்கும் நாலு கல் துண்டு. மயிலாடியிலிருந்து நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் கோட்டை நம்பவே மாட்டார். இரண்டாவதைப் பார்த்துத் தலையாட்டுவார். மூன்றாவது கோடு அதே புள்ளியில் வெட்டினால்தான் “வண்டிய எடுங்க”. ஆள் வீட்டுக்குப் போனதும் முதலில் குடிக்க ஒரு டம்ளர் வெள்ளம் கேட்பார். குடிப்பார். அப்புறம் அடையாள அட்டையைக் காட்டுவார். அப்புறம் ஒரே கேள்வி.

“இத வச்சு என்ன செய்யிறீங்க?”

அதற்குப் பதில் முழுதாகக் கேட்ட பிறகுதான் சட்டம் பேசுவார். பதினொரு வருஷம் அவருக்கு ஓட்டினேன். ஒரு வீட்டிலும் சத்தம் கூட்டியது கிடையாது.

அந்த நாளில்தான் லைசென்ஸ் இல்லாத வைஃபைப் பெட்டிகள் பெருகின. எனக்குப் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் கேட்கிற ஆபீஸ், இதற்கு மட்டும் ஏன் வேண்டாம் என்கிறது? கேட்டேன். மேடம் சொன்னார்:

“லைசென்ஸ் வேண்டாம்னா விதி வேண்டாம்னு அர்த்தமில்ல கேட்டியளா. இந்தப் பட்டையில யாரும் வரலாம். அடுத்தவருக்கு இடையூறு செய்யப்பிடாது. அடுத்தவர் நமக்கு இடையூறுன்னு புகாரும் சொல்லப்பிடாது. அவ்வளவுதான்.”

“ரெண்டாவது கஷ்டம் மேடம்.”

“முதலாவதுதான் கஷ்டம்” என்றார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மழைக்காலம். தூரத்து வானிலை ரேடார் ஒன்றிலிருந்து புகார் வந்தது. அவர்கள் படத்தில் ஓலை ஈர்க்கு மாதிரி ஒரு கோடு. ரேடாரில் ஆரம்பித்து எங்கள் மாவட்டத்தின் மேலே போய் அப்படியே கடலுக்குள் நீளுகிறது. மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் திசை முழுக்க மழை மாதிரியே தெரிகிறதாம். ஒரு மாதமாக அப்படி. இப்போது கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிக்கொண்டிருக்கிறது. அந்தத் திசையில் நிஜமான மழை எது, கோடு எது என்று பிரிக்க முடியவில்லை.

ஐந்து கிகாஹெர்ட்ஸ் வைஃபைப் பெட்டிகளில் ஒரு பகுதி இந்த ரேடாரின் ரோட்டிலேயே ஓடும். அதனால் வெளியே வைக்கிற நல்ல பெட்டிகளுக்கு ஒரு குணம் வைத்திருக்கிறார்கள். பேசுவதற்கு முன்னால் காது கொடுத்துக் கேட்கும். ரேடார் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு வேறு சேனலுக்கு ஒதுங்கிப் போகும். எங்கேயோ ஒரு பெட்டி ஒதுங்கவில்லை.

காலையில் வட்டக்கோட்டையில் ஆரம்பித்தோம். காற்று கம்பத்தை ஆட்டியது. கையால் பிடித்துக்கொண்டுதான் திருப்பினேன். சுற்றுலா வந்தவர்கள் சினிமா ஷூட்டிங் என்று நினைத்து வண்டி முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். கோடு மேற்கே போனது. அடுத்தது கொட்டாரத்து வயல் ஓரம். அங்கே எடுத்த கோடு வடக்கே, காற்றாலைப் பக்கம் காட்டியது. நான் வண்டியில் ஏறி சாவியைத் திருகிவிட்டேன்.

“எங்க போறீங்க?”

“காற்றாலைக்கு.”

“அது இரும்பு. சத்தம் பட்டுத் திரும்பி வருது. இறங்குங்க.”

பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தார். இருநூறு அடி தள்ளி ஒரு தென்னந்தோப்புக்குப் பின்னால், காற்றாலை மறைகிற மாதிரி, நிறுத்தச் சொன்னார். அங்கே எடுத்தது மேற்கே போனது. மூன்றாவது கோட்டைக் கடற்கரை ரோட்டில் எடுத்தோம். மூன்றும் ஒரு ஊரில் வெட்டின. மீன்பிடிக்கிற ஊர். பேர் எழுதவில்லை. தெரிந்து கெடுதல் செய்தவர்கள் இல்லை அவர்கள்.

ஊரில் நுழைந்ததும் தெரிந்தது. கோயில் கோபுரத்தின் உச்சியில், சிலுவைக்கு ஒரு ஆள் உயரம் கீழே, வெள்ளைத் தட்டு ஒன்று. அதன் ஜோடி கூப்பிடு தூரத்தில், கடற்கரையில் மீன் ஏலக்கூடத்துக் கூரையில். ஃபாதர் வீட்டிலிருந்து இன்டர்நெட் கோபுரத்துக்கு ஏறி, அங்கிருந்து ஏலக்கூடத்துக்குப் போகிறது.

ஏலக்கூடத்தில் கூட்டம். பெரும்பாலும் பெண்கள். ஒரு மேஜையில் வயர்லெஸ் செட், பக்கத்தில் கம்ப்யூட்டர் திரை. திரையில் ரேடார் படம் திறந்திருந்தது. அதில் நாங்கள் தேடி வந்த அதே கோடு. செட்டுக்கு முன்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பிலோமினா. மீன் விற்கிறவள். புருஷனும் மகன் ஜெனிஷும் ஆழ்கடலில். ஊர்ப் படகு, இங்கே போட்டு என்பார்கள், மொத்தம் ஏழு வெளியே இருந்தது.

மேடம் வெள்ளம் கேட்டார். குடித்தார். அட்டையைக் காட்டினார்.

“இத வச்சு என்ன செய்யிறீங்க?”

“என்ன செய்யிறோமா?” பிலோமினாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “டீச்சரம்மா, மணிக்கொருக்க இந்தப் படத்தப் பாத்து செட்டுல சொல்லுவோம். கிட்ட நிக்க போட்டுக்காரன் கேப்பான். அவன் தூரத்துல நிக்கவனுக்குச் சொல்லுவான். அப்பிடிக் கைமாறிக் கைமாறிக் கடைசிப் போட்டு வரைக்கும் போவும். வேற யாரு இருக்கா எங்களுக்கு?”

“இந்தக் கோடு எத்தன நாளா இருக்கு?”

“திருவிழாவுல இருந்து. ஒரு மாசம் இருக்கும். மொதல்ல மழையாக்கும்னு பயந்து போட்டுகளத் திரும்ப வரச் சொன்னோம். ஒரு துளி பெய்யல. அவனுவ வந்து எங்களப் பேசாத பேச்சில்ல. அதுக்குப் பொறவு அந்தப் பக்கத்தப் பாக்கதே இல்ல. வெறும் கோடுன்னு விட்டாச்சு.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படிச் செய்தால் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரியும்.

“ஏழு போட்டும் இப்பம் எந்தப் பக்கம் நிக்குது?”

பிலோமினா திரையைப் பார்த்தாள். கோட்டின் மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இதுக்க அடியில நெசமாட்டே மழை இருந்தா?”

“தெரியாது. ரேடாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் வந்திருக்கோம்” என்றார் மேடம். “கோடு வாறது உங்க கோபுரத்துப் பெட்டியில இருந்து.”

கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஃபாதர் வந்தார். சங்கதி வெளியே வந்தது. ஜெனிஷ்தான் அந்தப் பெட்டியை வைத்தவன். கடலுக்குப் போகாத நாளில் ஊருக்கு இன்டர்நெட் வேலை பார்ப்பான். திருவிழாப் பத்து நாளும் கோயிலிலிருந்து படம் போகும். குவைத்திலும் மஸ்கட்டிலும் இருக்கிற பிள்ளைகள் அங்கேயிருந்து பார்ப்பார்கள். இந்த வருஷம் கொடியேற்றம் அன்று படம் நின்று நின்று வந்தது. பெட்டி தானாகச் சேனல் மாறிக்கொண்டே இருந்ததாம். கல்ஃபிலிருந்து போன் மேல் போன். ஊருக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. மஸ்கட்டிலிருக்கிற ஒருத்தன் போனிலேயே வழி சொன்னான். பெட்டி நாட்டுக்கு நாடு அந்தந்த விதிப்படி நடக்கும், அதில் நாட்டின் பேரை மாற்றிப் போடு, அப்புறம் சேனல் மாறாது. ஜெனிஷ் போட்டான். மாறவில்லை. தேர்ப்பவனி கண்ணாடி மாதிரி போனது. ஊரே அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடியதாம்.

பெட்டி ரேடாரைக் கேட்டு ஒதுங்கிக்கொண்டிருந்தது. கெட்டுப்போனது என்று நினைத்து அதன் காதை அடைத்துவிட்டார்கள்.

“பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?” என்றார் மேடம்.

“ஜெனிஷுக்கு” என்றார் ஃபாதர்.

ஜெனிஷ் கடலில். எந்தப் போட்டில் இருக்கிறான் என்பது தெரியும். செட்டில் கூப்பிட்டால் பதில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது தெரியாது. நாலு கை மாறி பாஸ்வேர்ட் வந்து சேர்ந்தால் அது எந்தக் கோலத்தில் வரும் என்பதும் தெரியாது.

சட்டப்படி கரன்டைப் பிடுங்கினால் போதும். கோடு போய்விடும். பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். எனக்கு மயிலாடி ஞாபகம் வந்தது.

“பிடுங்கினா எங்களுக்குப் படம் கெடையாது. செல்போன் டவர் இங்க பாதி நேரம் எடுக்காது” என்றாள் பிலோமினா. “கோடு போனது எனக்கு எப்பிடித் தெரியும்? மழை இருக்கா இல்லியான்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? அணைக்க விடமாட்டேன்.” எழுந்து போய் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மேடம் இடையூறு, பட்டை, விதி என்று ஆரம்பித்தார். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. நான் பேச வேண்டியதில்லை. ஆனாலும் பேசினேன்.

“கரைமடி வலை வளைச்சிருக்கப்பம் குறுக்க வள்ளம் வந்தா என்ன செய்வீங்க?”

பிலோமினா என்னைப் பார்த்தாள். “சத்தம் போடுவோம். வள்ளத்துக்காரன் வெலகிப் போவான். மடிய அறுத்துட்டுப் போவானா? கடலு அவனுக்கும் உள்ளதுதான். ஆனா வெலகணும். அதுதான முறை.”

“ரேடாரு மடி வளைச்சிருக்கு. உங்க பெட்டி குறுக்க நிக்குது. வள்ளத்த உடைக்க வரல. வெலக்கி நிறுத்த வந்திருக்கோம்.”

மேடம் சொன்னார்: “உச்சியில ஏறிப் பெட்டியோட சின்னப் பித்தான அமுக்கிப் பிடிச்சா பழைய படிக்கு வந்துரும். பாஸ்வேர்ட் வேண்டாம். நான் கீழ இருந்து சரியான நாட்டப் போட்டு, ரேடார் இல்லாத சேனல்ல வைக்கேன். இந்த முனையும் அதே மாதிரி. உங்களுக்குப் படம் திரும்ப வரும்.”

“எவ்வளவு நேரம்?”

“அரை மணிக்கூர்.”

“ஒரு ஜெபமாலை” என்றாள் பிலோமினா. “ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கதுக்குள்ள எனக்குத் திரும்பத் தரணும். இல்லேன்னா டீச்சரம்மா, வண்டி இந்த ஊர வுட்டுப் போவாது.”

“சரி” என்றார் மேடம். என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. ஆபீசில் சேர்ந்தபோது நான் கம்பம் ஏறினவன் என்பது அவருக்குத் தெரியும். வயது ஐம்பத்தொன்பது என்பதும் தெரியும்.

இடுப்புப் பட்டையை எடுத்தேன்.

பிலோமினா கேட்டாள்: “அண்ணே, நீரு நம்ம சபையா?”

“இல்ல. நாங்க மிஷன் கோயில். அங்க ஜெபமாலை கெடையாது.”

“அப்பம் ஜெபமாலை எவ்வளவு நேரம்னு தெரியாதே.”

“கீழ இருந்து கேக்கும்ல.”

“நல்லாக் கேக்கும்” என்றாள். கோபம் இல்லை அதில்.

கோபுரத்துக்குள் மணி வரை மரப்படி. அதற்கு மேலே சுவரில் பதித்த இரும்புக் கம்பிகள். உப்புக் காற்று பாதியைத் தின்றிருந்தது. ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்துத்தான் காலை வைத்தேன். இரண்டு கம்பி கையோடு வந்தது. கீழே ஏலக்கூடத்தில் பெண்கள் ஜெபமாலையை ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வார்த்தை பிடிபடவில்லை. ராகம் மட்டும் வந்தது. பத்துப் பத்து மணியாக ஐந்து தடவை உருட்டுவார்கள் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். ஒரு பத்து முடிந்து ராகம் மாறுவது தெரிந்தது.

உச்சிக்குப் போனபோது இரண்டாவது பத்து. திருவிழாச் சீரியல் பல்பு வயர் பெட்டியைச் சுற்றிக் கிடந்தது. பல்லால் பிரித்தேன். பித்தான் ஊசித் துவாரத்துக்குள்ளே. ஊசி கொண்டு வரவில்லை. சட்டையில் குத்தியிருந்த பின்னை எடுத்து அமுக்கினேன். பத்து வரை எண்ணச் சொல்லியிருந்தார். இருபது எண்ணினேன். பெட்டியின் விளக்கு அணைந்து, சிவந்து, அப்புறம் பச்சையானது.

“ஆச்சு!” என்று கத்தினேன்.

கீழே மேடம் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். பென்சில் வாயில். தட்டு கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது, ஏலக்கூடத்தை நேராகப் பார்க்கும்படி தாழ்த்து என்று கையைக் காட்டினார். தாழ்த்தினேன். நாலாவது பத்து போய்க்கொண்டிருந்தது. கடலைப் பார்த்தேன். கரைப் பக்கம் வெயில்தான். தூரத்தில் மட்டும் கடலும் வானமும் சேருகிற கோடு தெரியவில்லை. நான் மீன்பிடிக்கிற சாதி இல்லை. ஆனாலும் அது நல்லதில்லை என்று தெரிந்தது.

இறங்கி ஏலக்கூடத்துக்கு வந்தபோது ஐந்தாவது பத்தின் கடைசி. ஏலக்கூடத்துப் பெட்டியை மேடம் இன்னும் சேர்த்து முடிக்கவில்லை. பிலோமினா மணியை உருட்டிக்கொண்டே அவரைப் பார்த்தாள். வேகமாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தாள். மற்ற பெண்களும் அப்படியே. ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. நேரம் கொடுக்கிறார்கள்.

திரை வந்தது.

மேடம் ரேடார்காரர்களுக்குப் போன் போட்டார். மறுமுனையில் பேசியது எனக்கும் கேட்டது. “போயாச்சு மேடம். சுத்தமா இருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “ஐயோ, அடியில பெரிசா இருக்கு” என்றார்.

அடுத்த படம் எங்கள் திரையிலும் வந்தது. ஈர்க்கு இல்லை. அது இருந்த இடத்திலேயே, சிவப்பும் மஞ்சளுமாக வளைந்த மழை. போட்டுகளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. கோடு இருந்திருந்தால் இவர்கள் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

பிலோமினா செட்டை எடுத்தாள். அழவில்லை. குரல் ஏலம் கூறுகிற குரல்.

“ஏலே மக்களே, வலையை இழுங்க. நெசமான மழை வருது. கோடு இல்ல, மழை. கேட்டியளா? வடக்க திரும்பி, கிட்ட எந்தத் துறைமுகம் இருக்கோ அங்க கேறுங்க. அடுத்தவனுக்குச் சொல்லு. சொல்லிட்டு எனக்குச் சொல்லு.”

ஒவ்வொரு போட்டிலிருந்தும் பதில் வர வர சுவரில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். நாங்கள் கிளம்பும்போது ஆறு கோடு. ஏழாவது ஜெனிஷ் இருந்த போட்டு. மேடம் வண்டியில் ஏறவில்லை. காகிதமெல்லாம் எழுதி முடித்த பிறகும் கல் துண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு நின்றார். ஏழாவது பதில் வந்த பிறகுதான் “வண்டிய எடுங்க” என்றார்.

ஏழும் மறுநாள் வேறொரு துறைமுகத்தில் கரை ஏறின. ஒன்றின் மேல்கூரை போயிருந்தது. ஆளுக்குச் சேதம் இல்லை.

ஜெனிஷ் ஆபீசுக்கு வந்து வாக்குமூலம் கொடுத்தான். தலை நிமிரவில்லை. “கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன் மேடம். ஒதுங்கி ஒதுங்கிப் போச்சு.”

“நல்ல பெட்டியாக்கும் அது. நீங்கதான் கெடுத்தீங்க. இப்பம் நல்லாயிட்டு” என்றார் மேடம். திட்டினது அவ்வளவுதான்.

பறிமுதல் ஏன் இல்லை என்று மேலிருந்து காகிதம் வந்தது. மேடம் ஒரே வரியில் பதில் எழுதினார். சாதனத்தில் குற்றமில்லை, அலைவரிசையில் அது நின்ற இடத்தில் குற்றம், இடம் மாற்றப்பட்டது. டைப் அடித்ததை நான்தான் கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன். சேர்க்கும் முன் ஒருதடவை படித்தேன். சிற்பி கேட்டதற்குப் பதில் அதில் இருந்தது. அவர் அப்போது உயிரோடு இல்லை.

இப்போது புது விதி. இன்னும் கொஞ்சம் இடம் திறந்திருக்கிறார்கள். திறக்கட்டும். திறக்கத் திறக்க எங்கள் மாதிரி ஆட்களுக்கு வேலை கூடும் என்றார்கள் ஆபீசில். குறையும் என்று நான் நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

விதி வந்த வாரம் எனக்கு ஒரு போன். ஜெனிஷ்.

“அண்ணே, புதுப் பெட்டி ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஆறு கிகா. இன்னும் வாங்கல. போட்டுல வைக்கலாமா?”

“தெரியாது. கேட்டுச் சொல்றேன்.”

ஆபீசில் கேட்டேன். மறுபடி அவனைக் கூப்பிட்டேன்.

“போட்டுல கூடாதாம்.”

“கோபுரத்துல?”

“அது வீட்டுக்குள்ள வைக்கது. வெளிய கூடாது.”

“சரிண்ணே. அப்பம் வீட்டுக்கு மட்டும் வாங்குறேன்.” அவன் ஏன் என்று கேட்கவில்லை. பின்னால் பிலோமினாவின் குரல் கேட்டது. ஏதோ சொல்லச் சொல்கிறாள்.

“அம்மா என்ன சொல்லுது?”

“கோபுரத்துக் கம்பியெல்லாம் புதுசா மாத்தியாச்சாம். உங்களுக்குச் சொல்லச் சொன்னா.”

“நான் இனி ஏற மாட்டேன்லே.”

ஜெனிஷ் அதை அம்மாவிடம் சொன்னான். அவள் சொன்னது எனக்கே நேராகக் கேட்டது.

“அவரு ஏறண்டாம். ஏற வேண்டிய காரியம் இனி வராது.”